கணினி முடங்கிய பின் சிதைந்த கோப்புகளை மீட்பது எப்படி?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி உறைந்து நின்று, அணைத்து மீண்டும் இயக்கிய பின் ஒரு முக்கியமான கோப்பு திறக்க மறுத்தால், திரையில் தோன்றும் முதல் ‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்திவிடவே பெரும்பாலானோருக்குத் தோன்றும். அந்தப் பொத்தானைச் சற்று நேரம் தொடாமல் இருங்கள். இயங்குதளத்தோடு வரும் பழுதுநீக்கும் கருவிகள், வட்டின் அமைப்பை முரண்பாடில்லாத நிலைக்குக் கொண்டுவந்து கணினியை மீண்டும் ஓடவைப்பதற்காக எழுதப்பட்டவை. அந்த முயற்சிக்கு உங்கள் கோப்பு குறுக்கே நின்றால், அதைத் துண்டு துண்டாக்கி ஒதுக்கிவிட அவை தயங்குவதில்லை. தரவை மீட்பது வேறு வேலை, அதற்கு வேறு வரிசை உண்டு. முதலில் நிறுத்த வேண்டும், பிறகு நகலெடுக்க வேண்டும், அதன் பிறகே நகலின் மேல் கைவைக்க வேண்டும். மூலத்தில் எதையும் எழுதாத வரை, எந்த முயற்சி தோற்றாலும் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

கோப்பு ஏன் சிதைகிறது

நீங்கள் ‘சேமி’ என்று சொன்ன அதே நொடியில் தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. வேகத்துக்காக இயங்குதளம் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்தே எழுதுகிறது. வட்டும் தன் பங்குக்குத் தன் உள் நினைவகத்தில் கொஞ்சம் தேக்கிவைக்கிறது. இந்த இடைவெளியில் மின்சாரம் போனாலோ இயங்குதளம் முடங்கினாலோ, கோப்பின் ஒரு பகுதி புதியதாகவும் ஒரு பகுதி பழையதாகவும், சில பகுதிகள் எழுதப்படாமலும் நின்றுவிடும்.

எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடே கோப்பு முறைமை. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள், இப்படி நேர்ந்தாலும் குலையாமல் இருப்பதற்காக ஒரு குறிப்பேட்டைப் பராமரிக்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பேடு காப்பது கோப்பின் பெயர், அளவு, இருக்குமிடம் ஆகியவற்றைத்தான், உள்ளடக்கத்தை அல்ல. அதனால்தான் கணினி முடங்கிய பிறகு, பெயர் சரியாகவும் அளவு சரியாகவும் இருந்தும், உள்ளே வெறும் சுழியங்கள் மட்டுமே நிரம்பிய கோப்புகளைப் பார்க்கிறோம். அளவு பதிவாகிவிட்டது, தரவு வந்து சேரவில்லை. பென் டிரைவ்களிலும் நினைவக அட்டைகளிலும் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் அந்தக் குறிப்பேடும் கிடையாது. அவற்றில் கோப்பு மட்டுமன்றி, கோப்புறை முழுவதுமே காணாமற்போவதும் உண்டு.

ஆகவே ‘கோப்பு திறக்கவில்லை’ என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கேடுகள் இருக்கலாம்: வட்டே பழுதாகியிருக்கலாம், வட்டு நலமாக இருந்து கோப்பு முறைமை குலைந்திருக்கலாம், அல்லது இரண்டும் சரியாக இருந்து அந்த ஒரு கோப்பின் உள்ளடக்கம் மட்டும் சிதைந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதே மீட்கக்கூடியதையும் இழக்கச் செய்கிறது.

உடனே செய்ய வேண்டியவை

கோப்பு திறந்திருந்த நிரல் உறைந்து நிற்கிறது, ஆனால் திரையில் உங்கள் எழுத்து இன்னும் தெரிகிறது என்றால், அணைப்பதற்கு முன் கைபேசியால் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எளிய யோசனைதான், ஆனால் கடைசிப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய அதுவே போதுமானதாக இருக்கும்.

மீண்டும் இயக்கும்போது, வட்டைச் சோதிக்கப் போவதாக விண்டோஸ் அறிவித்தால், அது தரும் சில நொடி அவகாசத்துக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி அந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுங்கள். அதை நகலெடுத்த பின் செய்துகொள்ளலாம். சிதைந்த கோப்பைத் திறந்து, பாதி தெரிகிறதே என்று அதே பெயரில் சேமித்துவிடாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் பதிவிறக்கி நிறுவாதீர்கள். இணைய உலாவியைத் திறந்து வைத்திருப்பதே வட்டில் தொடர்ந்து எழுதும் செயல் என்பதால், தீர்வு தேடுவதை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ வைத்துக்கொள்வது நல்லது.

சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி வட்டு உள்ளவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு கோப்பு அழிந்தவுடன், அது இருந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் ட்ரிம் என்ற கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு எஸ்எஸ்டி தன் வசதிப்படி அந்த இடத்தைத் துடைத்துவிடும். பழைய வன்தட்டில் வாரக்கணக்கில் தங்கியிருக்கக்கூடிய தரவு, எஸ்எஸ்டியில் சில நிமிடங்களிலேயே போய்விடலாம். ஆகவே முடங்கியபோது கோப்பு காணாமலே போய்விட்டது என்றால், கணினியை உடனே அணைப்பதுதான் சரி.

இன்னொன்றையும் இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். பல புதிய மடிக்கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தொடக்கத்திலேயே செயல்பாட்டில் இருக்கும். அப்படியிருந்தால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தும்போது விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கையில் இல்லாமல், குறியாக்கம் செய்த வட்டிலிருந்து எந்தக் கருவியாலும் எதையும் எடுக்க முடியாது.

சிரமமில்லாமல் கிடைக்கக்கூடிய இடங்கள்

மேகச் சேமிப்பில் ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் அந்தக் கோப்பு இருந்திருந்தால், முதலில் வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ அந்தக் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். சிதைந்த கோப்பும் ஒத்திசைக்கப்பட்டு மேலே போயிருக்கலாம், ஆனால் பழைய பதிப்புகள் இருக்கும். கூகுள் டிரைவ், பதிவேற்றிய கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாள்களோ 100 பதிப்புகளோ வரை வைத்திருக்கிறது. ஒன்டிரைவிலும் பதிப்பு வரலாறு உண்டு. விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’யோ, மேக்கில் ‘டைம் மெஷின்’னோ எப்போதாவது இயக்கப்பட்டிருந்தால் அங்கும் தேடுங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பண்புகளில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பகுதியைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது நிரல்களின் தானியங்கிச் சேமிப்பு. வேர்ட் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி ஒன்றை எழுதிவைக்கிறது. முடங்கிய பின் வேர்டைத் திறந்தால் இடப்பக்கம் மீட்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல் தோன்றும். அதில் உள்ள ஒவ்வொன்றையும் வேறு பெயரில், வெளி வட்டு ஒன்றில், உடனே சேமித்துவிடுங்கள்; அந்தப் பட்டியலை மூடிவிட்டால் அது மறுபடி வரும் என்று நம்ப முடியாது. பட்டியலே தோன்றவில்லை என்றால், ‘ஃபைல்’ பட்டியலில் ‘இன்ஃபோ’வுக்குள் ‘மேனேஜ் டாக்குமென்ட்’ என்பதன் கீழ் சேமிக்கப்படாத ஆவணங்களை மீட்கும் வசதி இருக்கிறது. நோட்பேட்++ தன் அமைப்புக் கோப்புறைக்குள் ‘பேக்கப்’ என்ற பெயரில் சேமிக்காத குறிப்புகளையும் வைத்திருக்கும். லிப்ரே ஆஃபிஸ் மீண்டும் திறக்கும்போது தானே மீட்பைத் தொடங்கும்.

இந்த இடங்களில் கிடைத்தது ஒரு நாள் பழையதாக இருந்தாலும் அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். முழுமையாகத் திறக்கும் பழைய பதிப்பு, பாதி சிதைந்த புதிய பதிப்பைவிடப் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். இரண்டையும் வைத்துக்கொண்டால், இழந்தது எவ்வளவு என்பதாவது துல்லியமாகத் தெரியும்.

வட்டு நலமாக இருக்கிறதா

மேலே சொன்ன எதிலும் கிடைக்கவில்லை என்றால்தான் வட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்கும் முன் அதன் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவு செய்துகொள்ளும் ஸ்மார்ட் என்ற வசதி உண்டு. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியும், லினக்ஸில் ஸ்மார்ட்மோன்டூல்ஸும் அந்தப் பதிவைப் படித்துக் காட்டும். வன்தட்டுகளில் 5, 197, 198 என்ற மூன்று எண்களைக் கொண்ட வரிகளைக் கவனியுங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பிரிவுகளின் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பிரிவுகள். 198 என்பது சோதனையிலும் சரிசெய்ய முடியாதவை. 197, 198 ஆகியவற்றில் சுழியத்துக்கு மேல் எந்த எண் இருந்தாலும், அந்த வட்டில் கோப்புகளைத் தேடி உலாவுவதை நிறுத்திவிட்டு, நேரே முழுப் பிம்பம் (வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகல்) எடுக்கப் போய்விடுங்கள்.

யுஎஸ்பி வழியாக இணைத்த வட்டுகளில் சில சமயம் இந்தப் பதிவு தெரியாது. அப்போது காதையும் கடிகாரத்தையும் நம்ப வேண்டியதுதான். சிறிய கோப்புறை திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, கணினி இடையிடையே உறைகிறது என்றால் வட்டு படிக்கத் திணறுகிறது என்று பொருள். ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் ஒலி கேட்டால் மின்னிணைப்பை உடனே எடுத்துவிடுங்கள். படிக்கும் தலை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது தட்டின் மேற்பரப்பையே சுரண்டிவிடக்கூடும். அந்த நிலையில் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தூசியற்ற அறை வசதி உள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். வன்தட்டை உறைபெட்டிக்குள் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே நீர்த்துளி படிந்து இருப்பதும் போய்விடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். வட்டின் மூடியைத் திறப்பதும் அப்படித்தான்.

நகலெடுத்தல்

வட்டு நலமாக இருந்து, சிதைந்தது ஒன்றிரண்டு கோப்புகள் மட்டும்தான் என்றால், அந்தக் கோப்பையும் அதன் அருகில் ஒத்த பெயரில் உள்ள தற்காலிகக் கோப்புகளையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தாலே போதும். மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கிவிட்டு நகலெடுங்கள். அலைக்குறியோடு (~) தொடங்கும் பெயர்கள் சில சமயம் மூலக் கோப்பைவிடப் பயன்படும்.

வட்டு தளர்ந்திருந்தால், அல்லது கோப்பு முறைமையே குலைந்திருந்தால், வட்டு முழுவதையும் பிரிவு பிரிவாகப் படித்து ஒரே பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும். இதற்கு என் பரிந்துரை குனு டிடிரெஸ்க்யூ. இலவசமான, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள கருவி அது. சாதாரணமாக நகலெடுக்கும்போது, கெட்ட பிரிவு ஒன்றில் சிக்கினால் கணினி அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று வட்டைச் சோர்வடையச் செய்யும். டிடிரெஸ்க்யூ அப்படியல்ல. படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் விரைவாக எடுத்து முடித்துவிட்டு, தொல்லை தரும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வேறொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். டிடிரெஸ்க்யூவும், பின்னால் தேவைப்படும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகியவையும் அதிலேயே இருக்கின்றன. மூல வட்டைவிடப் பெரிய வெளி வட்டு ஒன்றை இணைத்து, பிம்பமும் வரைபடக் கோப்பும் அதில் போய்ச் சேரும்படி செய்யுங்கள். அந்த வெளி வட்டு ஃபேட்32 வகையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்தது சேருமிடம், கடைசியில் வரைபடக் கோப்பு. இந்த வரிசை மாறினால் நல்ல வட்டு கெட்ட வட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே வட்டுகளின் பட்டியலை வரவழைத்து, அளவையும் தயாரிப்பு எண்ணையும் ஒப்பிட்டு, எது எது என்று தாளில் எழுதிக்கொண்ட பிறகே கட்டளையைத் தட்டுங்கள். முதல் சுற்றை ‘நோ-ஸ்க்ரேப்’ தேர்வோடு ஓட்டினால் எளிதில் கிடைப்பவை எல்லாம் வந்துவிடும். அதே பெயர்களைக் கொடுத்து, மறுமுயற்சியை 3 என்று வைத்து இரண்டாம் சுற்றை ஓட்டினால், மிச்சத்தில் இயன்றதைத் துருவி எடுக்கும். தளர்ந்த வட்டில் இதற்கு ஒரு முழு நாள்கூட ஆகலாம். பொறுமையாக விட்டுவிடுங்கள், ஆனால் வட்டு அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிம்பம் கிடைத்ததும், இடமிருந்தால் அதற்கும் ஒரு நகல் எடுத்துவையுங்கள். மூல வட்டைக் கழற்றி உறையிலிட்டு எடுத்துவைத்துவிடலாம். இனி அதற்கு வேலையில்லை.

கோப்பு முறைமையிலிருந்து எடுத்தல்

பிம்பத்தை டெஸ்ட்டிஸ்கில் திறந்தால், பகிர்வுகளையும் (வட்டு பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகளையும்) அவற்றுக்குள் இருக்கும் கோப்புறைகளையும் அது பட்டியலிடும். சிவப்பு நிறத்தில் தெரிபவை அழிக்கப்பட்டவை. வேண்டியதைக் குறித்து, வேறு வட்டுக்கு நகலெடுக்கச் சொன்னால் போதும். பெயரும் கோப்புறை அமைப்பும் மாறாமல் கிடைப்பதால், எப்போதும் இதையே முதலில் முயல வேண்டும்.

விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கியை ஓட்டுவதற்கும் இதுதான் இடம்: நகலின் மேல், அதுவும் வேறு வழியால் எடுக்க முடிந்ததை எடுத்த பிறகு. அது உறவறுந்த துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்ற பெயரும் 000 என்ற எண்ணும் கொண்ட மறைந்த கோப்புறைக்குள், சிஎச்கே என்ற நீட்டிப்போடு போட்டுவைக்கும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் கருவி ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்ற கோப்புறையில் சேர்க்கும். அந்தத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பெயர் இழந்த முழுக் கோப்புகளும் அவற்றுள் இருப்பதுண்டு.

கோப்புறை அமைப்பே மிஞ்சவில்லை என்றால் ஃபோட்டோரெக் உதவும். இது கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளக் குறியைத் தேடிப் போகிறது. பிடிஎஃப் கோப்பு எதுவானாலும் அதன் முதல் நான்கு பைட்டுகள், பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில், 25 50 44 46 என்று இருக்கும். ஃபோட்டோரெக் அந்த வரிசையைக் கண்டதும் அங்கிருந்து ஒரு கோப்பை எடுத்துவைக்கிறது. ஆனால் பெயரும் தேதியும் கோப்புறையும் போய்விடும், ஆயிரக்கணக்கான எண்ணிட்ட கோப்புகள் வந்து குவியும், வட்டில் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகள் பாதியோடு நிற்கும். தேடும் வகைகளை முன்கூட்டியே இரண்டு மூன்றாகச் சுருக்கிக்கொண்டால் பிரித்தெடுக்கும் வேலை பாதியாகும்.

கோப்பின் உள்ளே பார்த்தல்

இப்போது கோப்பு கையில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. எந்தப் பழுதுநீக்கியையும் தேடுமுன், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எச்எக்ஸ்டி என்ற இலவசப் பதினாறடிமானத் தொகுப்பி, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை 00 00 00 என்று ஓடினால், அந்தக் கோப்பில் தரவு என்று எதுவுமே இல்லை. பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் அதிலிருந்து ஒரு எழுத்தைக்கூட எடுக்காது. அந்தப் பெயரை விட்டுவிட்டு, தற்காலிகக் கோப்புகளிலும் பழைய பதிப்புகளிலும்தான் தேட வேண்டும். தொகுப்பி கைவசம் இல்லை என்றால், கோப்பின் நகலை ஜிப் ஆகச் சுருக்கிப் பாருங்கள். 5 எம்பி ஆவணம் சில கேபிக்குச் சுருங்கினால் உள்ளே சுழியங்களே நிரம்பியிருக்கின்றன. இந்த ஒரு சோதனையால் பல மணி நேர வீண் அலைச்சல் மிச்சமாகும்.

தொடக்கம் சரியாக இருந்து பின்பாதி சுழியமாகவோ வெட்டுப்பட்டோ இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. தொடக்கம் கெட்டு மீதி நலமாக இருந்தாலும் பல வகைகளில் வழி உண்டு.

வேர்ட், எக்செல் ஆவணங்கள்

வேர்டுக்குள் ‘ஓப்பன்’ பெட்டியில் கோப்பைத் தேர்ந்துவிட்டு, ‘ஓப்பன்’ பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்பைச் சொடுக்கினால் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ என்று வரும். முதலில் அது. அடுத்து அதே கோப்பை லிப்ரே ஆஃபிஸில் திறந்து பாருங்கள். வேர்ட் மறுக்கும் கோப்புகளை அது சில சமயம் ஏற்றுக்கொள்கிறது. பழுதுபார்க்கவா என்று கேட்டால் சம்மதிக்கலாம், ஏனெனில் நீங்கள் வைத்திருப்பது நகல்.

இரண்டும் தோற்றால் கோப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2007 முதல் வந்த டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகள் உண்மையில் ஜிப் பொதிகள். தொகுப்பியில் பார்த்தால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே என்று இருப்பதைக் காணலாம். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. நகலின் நீட்டிப்பை ஜிப் என்று மாற்றி, 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே ‘வேர்ட்’ என்ற கோப்புறையும், அதற்குள் ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பும் ‘மீடியா’ என்ற கோப்புறையும் இருக்கும். உங்கள் எழுத்து முழுவதும் அந்த எக்ஸ்எம்எல் கோப்பிலும், படங்கள் ‘மீடியா’விலும் உள்ளன. படங்களை அப்படியே இழுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம்.

ஜிப் பொதியின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் இருக்கிறது. கணினி முடங்கியபோது பெரும்பாலும் வெட்டுப்படுவது அந்தக் கடைசிப் பகுதிதான் என்பதால், தரவு முழுவதும் இருந்தும் பொதி திறக்க மறுக்கும். ஆனால் பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் சொந்தத் தலைப்பு ஒன்றும் இருப்பதால், அந்தத் தலைப்புகளைக் கொண்டு பட்டியலை மீண்டும் கட்ட முடியும். வின்ரார் மென்பொருளின் ‘ரிப்பேர்’ வசதியும், லினக்ஸில் ஜிப் கட்டளையின் சரிசெய்யும் தேர்வும் இதைத்தான் செய்கின்றன.

எடுத்த எக்ஸ்எம்எல் கோப்பை உலாவியில் திறந்தால், எந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் அமைப்பு முறிகிறது என்று பிழைச்செய்தி சொல்லும். பெரும்பாலும் கோப்பு இரண்டே வரிகள்தான். இரண்டாவது வரியே முழு ஆவணமாக, பல்லாயிரம் எழுத்து நீளத்துக்கு இருக்கும். நோட்பேட்++ போன்ற தொகுப்பியில் அந்த இடத்துக்குப் போனால், தொடர்ச்சியான தமிழ் வாக்கியங்கள் திடீரென்று நின்று பொருளற்ற குறிகள் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு முந்திய, முழுமையாக முடிந்த பத்தியோடு வெட்டி, திறந்திருக்கும் குறிகளை மூடி, மீண்டும் பொதிக்குள் வைத்தால் வேர்ட் திறக்கும். அட்டவணைக்கு நடுவில் முறிந்திருந்தால் மூட வேண்டிய குறிகள் பல என்பதால், புதியவர்களுக்கு அந்த வழியை நான் சொல்வதில்லை. கோண அடைப்புக்குள் இருக்கும் குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு, எழுத்தை மட்டும் புதிய ஆவணத்தில் ஒட்டிக்கொள்வது விரைவானது. வடிவமைப்பு போகும், சொற்கள் நிற்கும்.

எக்செல்லிலும் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ உண்டு. பழுதுநீக்கம் பலிக்காவிட்டால் ‘எக்ஸ்ட்ராக்ட் டேட்டா’வைத் தேர்ந்து, சூத்திரங்கள் இல்லாமல் மதிப்புகளை மட்டும் எடுக்கலாம்.

பிடிஎஃப், படங்கள், காணொளிகள்

பிடிஎஃப் கோப்பிலும் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் இருக்கிறது. க்யூபிடிஎஃப், கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற இலவசக் கருவிகள் கோப்பை முதலிலிருந்து படித்து அந்த அட்டவணையைப் புதிதாக எழுதித்தரும். வெட்டுப்பட்ட பக்கங்களைத் தவிர மற்றவை திரும்பிவிடும்.

ஜேபெக் படத்தில் நடுவே ஒரு பகுதி சிதைந்தால், அந்த இடத்துக்குக் கீழே படம் சாம்பல் நிறமாகவோ நிறம் பிறழ்ந்தோ தெரியும். அந்தப் பகுதி திரும்பாது. ஆனால் கேமராக்கள் பெரும்பாலும் படத்தின் தொடக்கத்திலேயே சிறிய முன்னோட்டப் படம் ஒன்றையும் சேர்த்து எழுதுகின்றன. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா வகைக் கோப்புகளுக்குள் இருக்கும் முன்னோட்டம் பல சமயம் அச்சிடப் போதுமான அளவுக்குப் பெரியதாக இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதை வெளியே எடுத்துத்தரும்.

காணொளியின் கதை வேறு. எம்பி4 கோப்பில் படச்சட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற குறியீட்டுப் பகுதியை, பதிவு முடியும்போதுதான் பெரும்பாலான கருவிகள் எழுதுகின்றன. பதிவின் நடுவே கணினியோ கேமராவோ முடங்கினால், பல ஜிபி தரவு நலமாக இருந்தும் குறியீடு இல்லாததால் எந்த இயக்கியும் அதைத் திறக்காது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை மாதிரியாகக் கொண்டு, இழந்த குறியீட்டைக் கணித்து எழுதுகிறது. மாதிரியின் படத்தரமும் வேகமும் பொருந்த வேண்டும். அப்படி ஒன்று இல்லை என்றால், அதே கேமராவில் இப்போதே ஒரு நிமிடம் பதிவுசெய்து பயன்படுத்தலாம். திரைப்பதிவு செய்பவர்கள் எம்பி4க்குப் பதில் எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தால், நடுவில் முடங்கினாலும் அதுவரை பதிவானது திறக்கும்.

தரவுத்தளங்களும் அஞ்சல்களும்

உலாவிகளும் பல கைபேசிச் செயலிகளும் கணக்கு மென்பொருள்களும் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள வடிவில் தரவை வைத்திருக்கின்றன. தரவுத்தளக் கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ‘வால்’ (wal) அல்லது ‘ஜர்னல்’ (journal) என்று முடியும் கோப்பு இருந்தால், அதை எக்காரணம் கொண்டும் அழிக்கவோ பிரிக்கவோ கூடாது. கடைசியாக நடந்த பரிமாற்றங்கள் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நகலெடுத்து, நகலைத் திறந்தாலே பல முறை தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் எஸ்க்யூலைட்டின் சொந்தக் கட்டளைக் கருவியில் உள்ள ‘ரெகவர்’ கட்டளை, படிக்க முடிந்த பக்கங்களிலிருந்து வரிசைகளைத் திரட்டித்தரும். அவுட்லுக் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்புக்கு, அதனோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை நகலின் மேல் ஓட்டுங்கள்.

சிதைந்த கோப்பைப் பதிவேற்றினால் சரிசெய்து தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களுக்கு, பிறர் பார்க்கக்கூடாத எதையும் அனுப்பாதீர்கள். கட்டண மென்பொருளை வாங்குவதானால், அதன் இலவசப் பதிப்பு காட்டும் முன்னோட்டத்தில் உங்கள் கோப்பின் உள்ளடக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பணம் கொடுங்கள். பெயரும் அளவும் மட்டும் தெரிந்தால் அது மீட்புக்கு அத்தாட்சி ஆகாது.

மீட்டதைச் சரிபார்த்தல்

கோப்பு திறந்தது என்பதற்காக வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். ஆவணத்தில் கடைசிப் பக்கம் வரை போய், அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் பாருங்கள். கணக்குத் தாளில் கூட்டுத்தொகைகளை அச்சிட்ட பழைய பிரதியோடு ஒப்பிடுங்கள். காணொளியில் நடுவிலும் முடிவிலும் தாவிப் பாருங்கள். சரியாக இருந்தால், நிரலுக்குள்ளிருந்தே புதிய பெயரில் சேமித்து, அந்தப் புதிய கோப்பையே இனிப் பயன்படுத்துங்கள். பழுதுபார்த்த கோப்புக்குள் மறைந்திருக்கும் சிறு முறிவுகள் பின்னொரு நாள் தலைகாட்டுவதுண்டு. பிம்பத்தைக் குறைந்தது சில வாரங்களுக்கு அழிக்காதீர்கள், ஏனெனில் எது விடுபட்டது என்பது அதைத் தேடும் நாளில்தான் தெரியும்.

கணினியை மறுபடி வழக்கமான வேலைக்கு எடுப்பதற்கு முன், மெம்டெஸ்ட்86+ கருவியையோ விண்டோஸின் நினைவகச் சோதனையையோ ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். முடங்கியதற்குக் காரணம் பழுதான நினைவகம் என்றால், வட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும் அடுத்துச் சேமிக்கும் கோப்புகளும் சிதைந்தே எழுதப்படும். அந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த நினைவகத் துண்டை மாற்றிய பிறகே, மீட்ட கோப்புகளை அந்தக் கணினியில் திறங்கள்.